அக்காவுக்கு முன்னால் போன கொய்யா

ஈரச்சாக்கு வெயிலில் காயும்போது கிளம்பும் அந்தப் புழுங்கல் வாடை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால், கொய்யாமரத்தில் சாய்ந்து தொங்கிய அக்காவின் பாட்டில்தான் எனக்கு நினைவுக்கு வரும். கல்வராயன் மலையடிவாரத்தில், சங்கராபுரம் போகும் சாலையை ஒட்டி எங்கள் தோட்டம். கல்யாணம் நிச்சயமான பெண்கள் புகுந்த வீட்டு "ஷோகேஸுக்கு" என்று ஒயர் கூடை, மணி கோத்த கிளி என ஏதாவது கைவேலை செய்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் அக்காவுக்கும் ஊசிக்கும் ஏழாம் பொருத்தம். அவள் சுண்டைக்காய் அளவுக் கொய்யாப் பிஞ்சாகப் பார்த்து, சுற்றியிருந்த இலையைக் கிள்ளிவிட்டு, கிளையோடு சர்பத் பாட்டிலுக்குள் நுழைத்துக் கட்டினாள். மழைத்தண்ணீர் தேங்காமல் வாயைச் சாய்த்து, காய் வெந்துபோகாமல் மேலே சாக்கை நனைத்துப் போட்டு, பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

அது இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை. மறியலுக்குப் போன இடத்தில், அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாமாவையும் பிடித்து ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

அம்மா ஒடிந்துபோனாள். "ஜெயிலுக்குப் போன பையனுக்கு இன்னாத்துக்குப் பொண்ணு குடுக்கறது? தாம்பூலத்த திருப்பிக் குடுத்துட்லாம்" என்று தினமும் புலம்பல். "அவன் திருடிட்டா போனான்?" என்று அப்பா முனகியதோடு சரி. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அக்காவோ தன்பாட்டுக்குச் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

காய் பாட்டிலை அடைத்து, வெளிறத் தொடங்கிய ஒரு காலையில் அவள் காம்பை அறுத்தாள். உப்புத்தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றி, தக்கையை மெழுகால் மூடி, அப்பாவிடம் நீட்டினாள்.

"இத அவுங்க வூட்ல குடுத்துட்டு வாங்கப்பா."

தாலி ஏறுவதற்கு முன் பெண்ணின் பொருள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், பெண்ணே போனதாகத்தான் எங்கள் பக்கம் கணக்கு. அம்மா பதறிவிட்டாள். "இன்னாடி பண்ற? அப்புறம் வேற எடம் பாக்க முடியுமா?"

"பாக்க வேணாம்னுதாம்மா குடுத்தனுப்பறேன்."

அப்பாவும் நானும் வெட்டிக்கிடந்த மரங்களை ஏறி இறங்கி நடந்தோம். கிளைகளுக்குள் குனியும்போதெல்லாம் அவர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். மாமாவின் அம்மா வாசலிலேயே அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே எப்படிப் போனது என்று கேட்கவில்லை. "எம்மருமவ எப்ப வருவா?" என்று கேட்டபோதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் தோட்டம் இன்று பிளாட்டுகளாகிவிட்டது. சாலையில் நிழலுக்கு ஒரு புளியமரம் கிடையாது. அக்கா வீட்டு ஷோகேஸில் பாட்டில் மட்டும், தண்ணீர் பழுப்பேறி, உள்ளே இருப்பது கொய்யா என்று சொன்னால்தான் தெரியும்படி இருக்கிறது. போன பொங்கலுக்கு வீடு ஒழித்த அக்காவின் மருமகள், இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். மாமா எழுந்துபோய் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நான் ஜெயில்லேந்து வர்றதுக்கு முன்னாடியே உங்க அத்த இந்த வூட்டுக்கு வந்துட்டாம்மா."