அச்சு அசலாக ஒரு முகம்

போன வருடம் சித்ரா பௌர்ணமிக் கூட்டம் வந்து போய், ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் நடந்தது இது. நடந்தது என்று சொல்கிறேனே தவிர, நடந்தபோது நான் அங்கே இல்லை. வேங்கிக்காலில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, என் படத்துக்கு எத்தனை பேர் லைக் போட்டிருக்கிறார்கள் என்று போனைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நான் எப்படிப் படம் வரையப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்தால் கணவர் டிவியில் செய்தி பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ஒருநாள் அலமாரியைச் சுத்தம் செய்தபோது மகள் விட்டுப்போன வாட்டர் கலர் பெட்டி கையில் கிடைத்தது. பாதி வில்லைகள் தொடாமலே இருந்தன. வீணாகப் போகிறதே என்று எடுத்தேன். சிக்கனத்தில் ஆரம்பித்ததுதான், சின்ன வயதிலிருந்தே கலை ஆர்வம் என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன்.

போனில் தேடிப் பார்த்து, படம் கற்றுக்கொள்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒரே கட்டளைதான். நன்றாக வருகிறதோ இல்லையோ, தினமும் ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒரு பக்கம் வரைய வேண்டும். கீழே இடம், தேதி, நேரம் எழுத வேண்டும். அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பகிரலாம். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து ‘அருமை’ என்று எழுதுவார்கள். ஆபீசில் பக்கம் பக்கமாக டைப் அடித்துக் கொடுத்தாலும் யாரும் அருமை என்று சொன்னதில்லை. அந்த வார்த்தைக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஆரம்பத்தில் மலையைத்தான் வரைந்தேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை நேர் எதிரே தெரியும். முதல் படத்தைப் பார்த்த கணவர், “என்னா இது, குண்டானக் கவுத்து வெச்சிருக்கியா?” என்றார். கோபம் வந்தது, ஆனாலும் விடவில்லை. தண்ணீர் அதிகமானால் தாள் அப்பளம் போல வளையும். காய்வதற்கு முன்னால் அவசரப்பட்டு அடுத்த நிறத்தை வைத்தால் எல்லாம் கலந்து சேறாகிவிடும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் நிறமே பூசாமல் வெறும் தாளாக விட்டுவிட வேண்டும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் வந்தது. சில மாதங்களில் மலை மலையாக வந்துவிட்டது.

அப்புறம்தான் குழுவில் மனிதர்களை வரையச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போக ஆரம்பித்தேன். பௌர்ணமி இல்லாத நாட்களிலும் கிரிவலம் சுற்றுபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நடப்பவர்களை வரைவது லேசில்லை. கால் போட்டு முடிப்பதற்குள் ஆளே போய்விடுவார். அதனால் ஒரே இடத்தில் நிற்கிற ஆளாகத் தேடினேன். அப்படித்தான் அந்தக் கூழ்வண்டிப் பெண் கிடைத்தாள்.

முப்பது வயது இருக்கலாம். வேப்பமரத்து அடியில் வண்டி. கம்பங்கூழ், மோர் மிளகாய், நறுக்கிய வெங்காயம். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையால் கரைத்து ஊற்றுவாள். பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் பூக்கடை போட்டிருந்த அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். வெளியூர்க்காரர்கள் போனைத் தூக்கினால் போதும், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வரையலாமா என்று நான் கேட்டபோது மட்டும் சிரித்தாள். “போட்டோன்னா வேணாங்க்கா. கையால வரையறதுன்னா வரைஞ்சிக்கோங்க. அத வெச்சி யாரு என்னா கண்டுபுடிக்கப் போறாங்க?”

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? யார் கண்டுபிடிப்பார்கள் என்று இவள் ஏன் பயப்படுகிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, இவள் நான் வரைகிற லட்சணத்தைக் கிண்டல் செய்கிறாள் என்று. இரு, உன்னையே வரைந்து காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் அவள்தான். வண்டிக்கு எதிரே ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்து வரைவேன். ஒரு படத்தில் கழுத்து நீண்டுவிடும், ஒரு படத்தில் கண் ஏறி நெற்றிக்குப் போய்விடும். முடித்ததும் கொண்டுபோய்க் காட்டுவேன். “இது நானா? எங்க பெரியம்மா மாதிரி கீது” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கூழோடு கூடுதலாக ஒரு மிளகாய் வைப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே போனேன் என்றும் சொல்லலாம். பேர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவளுடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டியது போல ஒரு தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். “உழுந்துட்டேங்க்கா” என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தேன் என்றால் பொய். அந்தத் தழும்பை எப்படி வரைவது என்பதுதான் அப்போது என் கவலை.

சித்ரா பௌர்ணமி முடிந்து வந்த ஞாயிறு என்னமோ எல்லாம் கூடி வந்தது. காலை வெயில் மரத்தின் ஊடாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. பென்சில் ஒரே ஓட்டத்தில் போயிற்று. பழுப்பும் நீலமும் கலந்தபோது அவள் நிறம் அப்படியே வந்தது. புருவத்தில் நூல் போல ஒரு கோட்டை மட்டும் நிறம் படாமல் வெறும் தாளாக விட்டேன். விட்டதுதான் தாமதம், தாளிலிருந்து அவளே என்னைப் பார்த்தாள். அத்தனை மாதம் கிறுக்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று ஓடிப்போய்க் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று.

“நானேதாங்க்கா” என்றாள். பிறகு, “இத என்னா பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“பத்திரமா வெச்சிப்பேன்மா” என்றேன்.

அது பொய் இல்லை. புத்தகம் இன்றைக்கும் என் பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படத்தைக் குழுவில் போட்டுவிட்டேன். தினமும் போடுகிற பழக்கம், தப்பாகவே தோன்றவில்லை. கீழே வழக்கம் போல எழுதியிருந்தேன்: அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை, ஞாயிறு காலை ஏழு மணி.

என் படங்களுக்கு ஐம்பது பேர் லைக் போட்டாலே பெரிது. இந்தப் படம் கண் மூடித் திறப்பதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். கணவர்கூட டிவியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். மறுநாள் ஒருவர், “இவங்க எங்க ஊர் அக்கா மாதிரியே இருக்காங்க மேடம், எந்த இடத்துல இருக்காங்க?” என்று கேட்டிருந்தார். ஆகா, ஊர்க்காரர்களே அடையாளம் கண்டுகொள்கிற அளவுக்கு வந்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலைத் தாண்டினால் வேப்பமரம், பூக்கடைக்குப் பக்கத்து வண்டி, ஞாயிறு என்றில்லை, தினமும் காலையில் இருப்பார் என்று விலாவாரியாகப் பதில் எழுதினேன். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். அந்தப் பொம்மையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு படத்தைக் கலர் பிரதி எடுத்து, லேமினேட் செய்து, அவளுக்குக் கொடுக்கக் கொண்டு போனேன். வண்டி அங்கேயே நின்றது. ஒரு சக்கரம் கோணியிருந்தது. மேலே நீல நிறத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். உடம்பு சரியில்லையோ என்று பூக்கடை அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வியாழக்கெழம கார்ல நாலு பேரு வந்தாங்க. ஒருத்தன் அவ புருஷனாம். போன்ல நீங்க வரைஞ்ச படத்த வெச்சிக்கினு கடை கடையா காட்டிக்கினே வந்தான். கூழு ஊத்திக்கினு இருந்தவ அவனப் பாத்ததும் சொம்ப அப்டியே போட்டுட்டு கோயிலுக்குள்ள ஓடிட்டா. எந்தப் பக்கமா வெளிய போனாளோ, அப்புறம் வரவே இல்ல.”

அவன் பானையை எட்டி உதைத்தானாம். கூழ் ரோடெல்லாம் ஓடியதாம். கடைக்காரர்கள் சேர்ந்து சத்தம் போட்ட பிறகுதான் காரில் ஏறினார்களாம். போகும்போது, ஊர் தெரிந்துவிட்டது, திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் அடித்த அடியில் புருவம் கிழிந்து, ஒரு பையோடு கிளம்பி வந்தவள் அவள் என்பதை எல்லாம் அந்த அம்மா அப்போதுதான் என்னிடம் சொன்னார். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யார் தயவும் இல்லாமல் வண்டி போட்டு, வாடகைக்கு ஒரு அறை எடுத்து, இனிமேல் பயமில்லை என்று இப்போதுதான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தாளாம்.

ஏதோ சொல்ல வேண்டும் என்று கையிலிருந்த படத்தை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கி, தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தாம்மா வரைஞ்சிருக்கீங்க. அச்சு அசலா அவளேதான்.”

இந்த ஒரு பாராட்டுக்குத்தானே இத்தனை மாதம் பழகினேன். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்கூட்டியைக் கிளப்பத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கிரிவலம் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தை நீக்கினேன். நீக்கி என்ன செய்வது, அதற்குள் அது யார் யார் போனிலோ இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “உனுக்கு எப்டித் தெரியும்? நீ வேணும்னா செஞ்ச?” என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார். ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு என்ன குறை இருந்தது? போனைக் கண்டால் முகத்தை மூடினாள். யார் கண்டுபிடிப்பார்கள் என்று வாய்விட்டுச் சொன்னாள். தழும்பைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினாள். படத்தை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள். இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அவள் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்த எனக்கு, அவள் கண்ணில் இருந்த பயம் தெரியவில்லை.

அதன் பிறகும் பல ஞாயிறுகள் போனேன், வரைவதற்கு இல்லை. வந்திருப்பாளா என்று பார்க்கத்தான். மழைக்காலம் தொடங்கும்போது வண்டியையும் காணோம். பூக்கடை அம்மாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உயிரோட நல்லா கீறா. போன் பண்ணா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே இருக்கிறாள், நான் ஏதாவது செய்ய முடியுமா என்று அவசரமாகக் கேட்டேன். அந்த அம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அது எனக்குத் தெரியும்மா. ஆனா உங்ககிட்ட சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க.”

நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இப்போதும் தினமும் ஒரு பக்கம் வரைகிறேன். எதையும் எங்கும் போடுவதில்லை, யாரிடமும் காட்டுவதுமில்லை. கை நன்றாகவே பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுகூட அவள் முகத்தை வரைந்துவிடுவேன். ஒரே ஒருமுறை அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமலே இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்பதை, ஒவ்வொரு ஞாயிறும் நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.