சிக்னல் கல்லும் ரகசிய எண்ணும்

ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வதும், சொல்லிவிட்டு வந்து நிற்பவர்களுக்காக அலைவதும்தான் என் தொழில். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் சின்னக் கடை. போன் திருத்துவேன், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பேன். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சொல்லும் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கோபம் புரியும்.

சிக்னல் கல்

கடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரே வீட்டில்தான் இன்டர்நெட் ரவுட்டர். சாதாரண அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் கோயில் பக்கத்துக் கல்லில் ஏற வேண்டும். கணக்கைத் திறக்க எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ரகசிய எண்ணோ ஒரு நிமிடத்தில் செத்துவிடும். அந்த நிரலை எழுதியவர் நாற்காலியை விட்டு எழுந்ததேயில்லை போலும். அதனால் சிம் போட்ட பழைய போனோடு ஒருவர் கல்லில் நின்று எண்ணைக் கத்துவார். கீழே ரவுட்டர் வீட்டில் இன்னொருவர் டச் போனில் அடிப்பார்.

இது ரகசியம், இப்படிக் கத்தக் கூடாது என்று நான் சொன்னபோது, கல்லில் நின்ற முருகையா அண்ணன் சொன்னார்: "மெதுவா சொன்னா கீழ கேக்காதே தம்பி."

பேசத் தெரிந்தவன்

லெட்சுமி அக்கா அதே லயத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவள் கையில் போன் கிடைக்கும். அம்மாவின் மெசேஜ் கணக்குக்குத்தான் கூப்பிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கல்லில் நின்றபோது யாரோ அழைத்து, தன் எண் தவறிப்போய் அவருக்கு வந்துவிட்டதாகச் சொல்லி அதைக் கேட்டிருக்கிறான். கேட்டால் சொல்வதுதானே அங்கே வழக்கம். சொல்லிவிட்டார். கணக்கு போய்விட்டது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் பெயரில், உடம்புக்கு முடியவில்லை, தயவுசெய்து பணம் அனுப்புங்கள் என்று செய்தி போனது. மகளுக்கும்தான்.

முன்பின் தெரியாதவனிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"அம்மா, நீங்க, சொல்லுங்கன்னு பேசினான் தம்பி. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல என்னய ஒருத்தரும் அப்படி கூப்பிட்டதில்ல."

படித்தவர்

மறுநாள் அவரை ஹட்டனுக்கு, சிம் விற்ற கம்பனியின் கிளைக்குக் கூட்டிப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய தமிழ்ப் பையன். இருந்த ஒரே கதிரையை எனக்குக் காட்டினான். அக்கா நின்றார். வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் இழந்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றான். அடுத்ததையும் அக்காவைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே சொன்னான்.

"இதுகளுக்கு எதுக்குங்க டச் போன்? பட்டன் போன் போதாதா?"

மறுபடியும் கல்

வழியில்லை. வியாழக்கிழமை மாலை அக்காவைக் கல்லில் ஏற்றிவிட்டு நான் ரவுட்டர் வீட்டில் டச் போனோடு உட்கார்ந்தேன். எண் வந்தது. "கத்துங்க அக்கா" என்றேன். லயம் முழுக்கக் கேட்டது. திருடன் வெளியே போனான். ஆனால் போவதற்குமுன் அவன் தனக்கு மட்டும் தெரிந்த இரண்டாவது எண்ணால் இன்னொரு பூட்டும் போட்டிருந்ததால் நாங்கள் உள்ளே நுழைய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை வீணாகிவிடும். நடந்ததையெல்லாம் என் போனிலிருந்து மகளுக்கு எழுதினேன். மறுநாள் அவள் என்னை பிளாக் செய்தாள். தெரியாத எண்ணை நம்பாதே என்ற என் பாடத்தின்படி அது சரி.

முருகையா அண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: "இப்ப மட்டும் கத்தலாமா தம்பி?"

அடுத்த வெள்ளி

கணக்கு திரும்பிய மறுநாள் ரவுட்டர் வீட்டில் கூடியிருந்தோம். அழைப்பு வந்தது. "எங்க தொலைஞ்ச நீ? ஒடம்புக்கு என்னா? வாயத் தொறந்து பேசு" என்று மகள் கத்தினாள். அக்கா அழுதார். காசு அனுப்பினாயா என்று மட்டும் கேட்டார்.

"'தயவுசெய்து'ன்னு எழுதியிருந்திச்சு. நீ என்னைக்கு எங்கிட்ட அப்படி கேட்டிருக்க? அதான் அனுப்பல."

மரியாதையை வைத்துத் திருடனை அடையாளம் காண வேண்டியிருக்கிற இடத்தில், கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும் என்று நான் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.