சவுண்ட் இன்ஜினியர் மாப்பிள்ளை

கல்யாண ரிசப்ஷனில் ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் அதற்கு நேர் எதிரே ஒரு சோபா வந்து சேரும். அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்வார். பெரியவர்களை முன்வரிசையில்தான் உட்கார வைக்க வேண்டும், ஸ்பீக்கரும் முன்னால்தான் நிற்க வேண்டும். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அவர் காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைப்பார். "சார், கொஞ்சம் பின்னாடி உக்காருங்களேன்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். பெரியப்பாவை டிஜே பின்னால் போகச் சொல்லிவிட்டான் என்று இரண்டு வீட்டுக்கும் சண்டையே வந்துவிடும். அதனால் நான் சொல்வதில்லை. ஏதோ ஒரு குமிழைத் திருகுவது போலக் கையை அசைத்துக் காட்டுவேன். சத்தம் குறைந்துவிட்டது என்று அவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள்.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாக்கம் குடியிருப்பில் நடந்த ஒரு காதுகுத்து. இரண்டு பிளாக்குக்கு நடுவே பந்தல், இரவல் ஸ்பீக்கர், நான். கல்லூரி விழாக்களில் கைதட்டல் வாங்கியவன் என்ற திமிர் வேறு. மெல்லிய இசையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, கடைசியில் குத்துப்பாட்டுக்கு வருவது என்று பெரிய திட்டமெல்லாம் போட்டிருந்தேன். குழந்தையின் அத்தை நேராக என் மேசைக்கு வந்தார். "இன்னா தம்பி, கொயந்த அழுவுற சத்தம்தான் பெர்சா கேக்குது. பாட்டு போட வந்தியா, எங்கள தூங்க வெக்க வந்தியா?" என்றார். திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குத்துப்பாட்டைப் போட்டேன். காது குத்திய குழந்தை உட்பட மொத்தப் பந்தலும் ஆடியது.

காலனிக் கல்யாணங்கள் வேறு ரகம். எல்லோருக்கும் ஆட ஆசை இருக்கும், ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். எங்கேயோ ஓர் ஓரத்தில் ஒரு சித்தியின் கால் மட்டும் தாளம் போடும். அவரைக் கண்டுபிடித்து மைக்கில் கூப்பிட வேண்டும். "ஐயோ, நான் மாட்டேன்பா" என்று சொல்லிக்கொண்டே வருவார். அப்புறம் அவரை நிறுத்தத்தான் ஆள் தேவைப்படும். இப்படி ஒவ்வொரு சித்தியாகப் பிடித்துத்தான் தாம்பரம் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் வந்தது. முகூர்த்த மாதங்களில் ஒரு சாயங்காலம்கூடச் சும்மா இருக்காது.

பெயர் வந்ததே தவிர பெண் வரவில்லை. "பையன் என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "டிஜே" என்று அம்மா பதில் சொன்ன இடத்திலெல்லாம் பேச்சு வெயிலுக்கும் தண்ணீர்க் கஷ்டத்துக்கும் தாவிவிடும். அம்மாவுக்கு அலுத்துப்போனது. சேலையூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தபோது என்னைக் கேட்காமலே, "சவுண்ட் இன்ஜினியர்ங்க. ஏசி ஹால்லதான் வேலை" என்று சொல்லிவிட்டார்.

"என்னம்மா இப்படி அளந்து விட்டிருக்க?"

"எதுடா பொய்? மண்டபத்துல ஏசி இல்லையா? நீ சவுண்டு வெக்கலையா?"

தலையெழுத்து என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் வீடு. அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பள்ளிக்கூடத்து டீச்சர். கேசரித் தட்டை நீட்டியபடி, "சக்கர கொஞ்சம் கம்மியா இருக்கும், நான்தான் செஞ்சேன்" என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. சும்மா இல்லை, ரொம்பவே பிடித்துப்போனது. ஆனால் வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று கேசரியைத் தின்றுகொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பினார்கள். அன்றிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுத்தேன். மண்டபத்துக்காரர் கூப்பிட்டால்கூட எரிச்சலாக வந்தது.

பதில் வருவதற்குள் ஊரப்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷன் வந்தது. லேப்டாப்பைத் திறந்து, ஸ்பீக்கருக்கு எதிரே இன்றைக்கு யார் மாட்டியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். சோபாவின் நடுவில் சேலையூர் அப்பா! மாப்பிள்ளையின் தகப்பனார் அவருடன் வங்கியில் வேலை பார்த்தவராம், அது பிறகுதான் தெரிந்தது. தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து வந்தார். "தம்பி, கொஞ்சம் கொறைங்க." நான் குனிந்தபடியே குமிழைத் திருகுவது போலக் காட்டினேன். போனார். அடுத்த பாட்டில் மறுபடியும் வந்தார். மறுபடியும் திருகினேன். மூன்றாவது தடவை அவர் போகவில்லை. வங்கியில் கையெழுத்துப் பார்த்துப் பழகிய மனுஷன், அந்தக் குமிழையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க அதத் திருப்பவே இல்லையே?"

ஹெட்போனைக் கழற்றி நிமிர்ந்தேன். அவர் முகம் மாறியது.

"நீங்க... அன்னிக்கு வீட்டுக்கு வந்த பையன்தானே? சவுண்ட் இன்ஜினியர்னு சொன்னாங்க?"

எனக்கு அம்மா மேல் வந்த கோபம், தொப்பி மேல் வந்த கோபம் எல்லாம் சேர்ந்துகொண்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. திருடினேனா, கொள்ளையடித்தேனா?

"டிஜே சார். இதுதான் என் வேலை. அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டாங்க."

அவர் திரும்பிப் போய் அதே சோபாவில் உட்கார்ந்தார். நான் இந்த முறை நிஜமாகவே குறைத்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் "ஏத்து மச்சான், ஏத்து!" என்று கத்தினார்கள். நான் ஏற்றவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பாமலே கிளம்பினார். மைக்கில் சிரித்துப் பேசிக்கொண்டே அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "போச்சு, எல்லாம் போச்சு. தொப்பி போட்டவன் மாஸ்க்கும் போட்டிருக்கக் கூடாதா?" என்று என்னையே திட்டினார்.

சேலையூரிலிருந்து போன் வந்தது. பேசியது அவளேதான்.

"அப்பா எல்லாம் சொன்னாரு."

"ரொம்பக் கோவமா?"

"பொய் சொன்னதுக்குக் கோவம்தான். ஆனா கேட்டதும் நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னும் சொன்னாரு. சத்தம் ஜாஸ்தின்னாரு, அது தனி." சிரிப்பது போலத்தான் இருந்தது. பிறகு குரல் இறங்கியது. "அப்பாவுக்கு என்னமோ, எனக்கு டிஜேங்கறதுல ஒண்ணும் இல்லீங்க. ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். முகூர்த்த நாள்ல எல்லாம் உங்களுக்கு வேலை இருக்கும். எங்க சொந்தத்துல வருஷத்துக்கு எத்தனையோ கல்யாணம். அதுக்கெல்லாம் நான் யாரோட போறது?"

இதை இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. சமாளித்திருக்கலாம். "பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தை நம்மிடம் எப்போதும் கைவசம் இருக்கிறது. ஆனால் என் சொந்த அக்காவின் ரிசப்ஷன் ஆல்பம் ஞாபகத்துக்கு வந்தது. குடும்பம் மொத்தமும் மேடையில் நிற்கும் படத்தில் நான் இல்லை. நான்தான் கீழே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எங்கே என்று அக்கா தேடியதாக அத்தான் பிற்பாடு சொன்னார். கூட்டத்துக்கு நடுவிலேயே இருந்தும் ஒரு கல்யாணத்துக்கும் போகாதவன் நான்.

"பொய் சொல்ல விரும்பலைங்க," என்றேன். "பெரும்பாலும் நீங்க தனியாத்தான் போகணும். எங்க அக்கா கல்யாண போட்டோவுலயே நான் இல்ல."

சரி, வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் அவள் மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

"நம்ம கல்யாணத்துக்காவது வருவீங்களா?" என்றாள்.

"வரேன்" என்றேன். மண்டபத்தையே அதிர வைக்கிற எனக்குக் குரலே எழும்பவில்லை. கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.