படிச்சுக் காட்டுங்க சார்

ஜோதி மேரியை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ புரோக்கர் என்றுதான் நினைத்தேன். எல்லாரையும் சந்தேகப்பட வைக்கிற வேலை என்னுடையது. கடலூரில், அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனவர்களை ஆபீசர் கூப்பிட்டு விசாரிப்பார். அவர்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. வக்கீலோடு வருகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

ஜோதி மேரி மூன்று வருடங்களாக அப்படிப்பட்டவர்களோடு துணைக்கு வருகிறார். வக்கீல் இல்லை, கட்சி ஆள் இல்லை, யாருக்கும் சொந்தமும் இல்லை. பழைய டவுனில் ஒரு கடையில் நைட்டி தைக்கிறார். சிதம்பரத்தில் விசாரணை முகாம் போட்டால் எங்களுக்கு முன்னால் அங்கே போய் நிற்பார். துணைக்கு வருகிறவர் வாய் திறக்கக் கூடாது என்று ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டார். அவரும் திறந்ததில்லை. ஆனால் அவர் கூட்டி வருகிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடும் முன், "எழுதனத ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்பார். கைநாட்டு வைக்கிறவர்கள் கேட்டால் நியாயம். பி.காம். முடித்த ஒருத்தர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார். நீங்க படிச்சா ஆபீசரும் கேப்பாரு."

இது யார் சொல்லிக் கொடுத்த பாடம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த அம்மாவுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்பதுதான் புரியவில்லை. துருவித் துருவி விசாரித்துப் பார்த்தேன். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லையாம். எனக்கு மண்டை குடைந்தது.

போன ஆனி மாதம் கொளஞ்சியைக் கூட்டி வந்தார். கொளஞ்சி மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் விதவை. முந்திரி சீசனில் காடாம்புலியூர் பக்கம் ஒரு தோப்பில் கொட்டை பொறுக்கப் போய் அங்கேயே தங்கிவிடுவார். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வீடு பூட்டித்தான் கிடக்கும். எங்கள் ஆட்கள் சோதனைக்குப் போனதும் சரியாக அப்போதுதான், அதுவும் மூன்று தடவை. வீட்டுக்கு உரியவர் இங்கே குடியில்லை என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தார்கள். அந்த வீடு போனால் கொளஞ்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"மூணு தடவ வந்தும் வீடு பூட்டியிருக்கு. என்னம்மா சொல்ற?" என்றார் ஆபீசர்.

கொளஞ்சி எழுந்து கைகூப்பினார். "தப்புதாங்கய்யா, மன்னிச்சிக்குங்க." அதற்குப் பிறகுதான் முந்திரித் தோப்பு, சீசன் எல்லாம் சொன்னார்.

இருபத்தெட்டு வருடப் பழக்கம், என் கை தானாக எழுதியது: 'தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்.' அந்த ஒரு வரி இருந்தால் போதும், மீதியை ஆபீசர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"படிச்சுக் காட்டுங்க சார்," என்றார் கொளஞ்சி. படித்தேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ! நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்?"

"தப்புதான், மன்னிச்சிக்குங்கன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். அந்த வெயில்ல மூணு மாடி ஏறி வந்து, குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுக்க ஆளில்லாம பூட்டின கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. அதுவும் மூணு தடவ. அதுக்குத்தான்யா மன்னிப்புக் கேட்டேன்."

ஆபீசர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் என் முன்னால் கைகூப்பியிருப்பார்கள்? எதற்கு என்று ஒருவரிடமாவது நான் கேட்டேனா? அதிகாரி முன்னால் நின்றால் நம் ஜனங்களுக்கு முதலில் வாயில் வருவது 'மன்னிச்சிக்குங்க'தான். ஆபீசர் கூப்பிட்டால் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறேன்.

அந்த வரியை அடித்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். தோப்புக்காரர் கடிதம் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு பவானியும் வந்து சாட்சி சொன்னாள். நோட்டீஸ் ரத்தானது. கொளஞ்சி அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார்.

வெளியே வராந்தாவில் ஜோதி மேரியிடம் கேட்டே விட்டேன். "ஏம்மா, இந்தப் படிச்சுக் காட்டச் சொல்றத எங்க கத்துக்கிட்டீங்க?"

"எனக்கும் அந்த அடுக்குமாடிலதான் வீடு இருந்துச்சு சார். வூட்டுக்காரரப் புதுச்சேரி ஆஸ்பத்திரில வச்சிக்கிட்டு நாலு மாசம் கெடந்தேன். பூட்டியிருக்குன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. விசாரணைல மன்னிச்சிடுங்க சார்னு கும்புட்டேன். படிக்காமயே கையெழுத்துப் போட்டேன். வீடு போச்சு. கடைசில அவுரு வாடகை வூட்டுலதான் உசுர வுட்டாரு."

பிற்பகல் முழுவதும் பழைய ஃபைல் கட்டுகளைக் கிளறினேன். 2017ஆம் வருடக் கட்டில் அவர் பெயர் இருந்தது. 'தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்.' எழுதியிருந்தது நான்தான். எவ்வளவு யோசித்தும் அன்றைக்கு என் முன்னால் நின்ற முகம் நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்துத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த விசாரணைக்கு அவர் வந்ததும் சொன்னேன். "அம்மா, ஒங்க வாக்குமூலத்த எழுதினது நான்தான்."

"தெரியும் சார்," என்றார் ஜோதி மேரி. "இன்னிக்கி வந்திருக்க அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது. கொஞ்சம் சத்தமாப் படிங்க."