மெர்சி கல்யாணத்துக்கு வந்த பேஸ்

ஷாரோனுக்கு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை. ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று கார் ஒயர்களைச் சேர்த்துக் கட்டணும். ஞாயிறானால் சர்ச்சில் கிடார். தங்கச்சி மெர்சி கல்யாணத்துக்கு வெளியாள் வாசிக்கவே கூடாது, நான்தான் வாசிப்பேன் என்று ஒத்தைக் காலில் நின்றாள்.

கனத்த அடிச்சத்தம் தருகிற பேஸ் கிடார் வாசிக்கிற சித்தப்பா மகன் இளம்பரிதிக்கு அன்றைக்கென்று பார்த்து பகல் ஷிப்ட் விழுந்தது. லீவும் கிடையாதாம். பாட்டுக்குழுவை நடத்துகிற லூர்தம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "அடியில பேஸ் இல்லாம பாட்டு நிக்காதுடி. ஒத்திகையில சரியா வரலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள வரச்சொல்லிடுவேன்."

ஷாரோனிடம் ஒரு லூப்பர் இருந்தது. காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும். அதற்கு மேலே நாம் வேறு வாசிக்கலாம். பாதி வேகம் என்று அதில் ஒரு பட்டன். அமுக்கினால் கிடார் சத்தம் தடித்துக் கீழே இறங்கி அசல் பேஸ் மாதிரியே கேட்கும். இது போதுமே என்று ஒத்திகையில் வாசித்து, பட்டனை அமுக்கினாள்.

சத்தம் இறங்கியது, வாஸ்தவம். கூடவே பாட்டும் நொண்டியது. ஒரு வரி முடிவதற்குள் பாடுகிறவர்களுக்கு மூச்சு முட்டியது.

"இன்னாடி ஷாரோனு, பொண்ணு கோயிலுக்கு வருதா, பொட்டி கல்லறைக்குப் போவுதா?" என்றாள் லூர்தம்மாள். எல்லாரும் சிரித்தார்கள், மெர்சியும்தான். "நாளைக்கு இன்னொரு தபா பாக்குறேன். அவ்ளோதான்."

மறுநாள் கம்பெனியில் பெல்ட்டுக்கு ஏதோ கோளாறு. பாதி வேகத்தில் ஓடவிட்டார்கள். சூப்பர்வைசர் கத்தினார்: "மெதுவாப் போனா இன்னாம்மா, ஒயருங்கள நெருக்கி நெருக்கி வைங்க! கடைசில அதே கணக்குதான் வெளிய வரணும்."

ஷாரோனின் கை அப்படியே நின்றுவிட்டது. பாட்டையும் நெருக்கி வாசித்தால் போதுமே!

சாயங்காலம் ஒத்திகையில் கிடாரின் தடித்த கம்பிகளில் ரெட்டை வேகத்தில் வாசித்தாள், கோழி தீவனம் கொத்துகிற மாதிரி.

"எந்த பஸ்ஸப் புடிக்க ஓடுறே?" என்றாள் லூர்தம்மாள்.

பட்டனை அமுக்கினாள். பாட்டு தன் நடைக்கு வந்து நின்றது. அடியில் பேஸ் கும்மென்று. லூர்தம்மாள் பாராட்டுகிற ஜாதி இல்லை. "வாயப் பாத்துகினு நிக்காதீங்க, முதல் வரிலேர்ந்து எடுங்க" என்றாள்.

கல்யாணத்தன்று மெர்சி அந்தப் பாட்டுக்குத்தான் நடந்து வந்தாள். இளம்பரிதி ஷிப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடு ராத்திரிப் பந்திக்கு ஓடிவந்து, யாரோ எடுத்த வீடியோவைக் காதில் வைத்துக் கேட்டான்.

"என் எடத்துல எவன்கா வாசிச்சான்?"

"எவனும் இல்ல. என் கிடாருதான்."

"சும்மா கத வுடாத."

"பிரியாணிய துன்னுட்டு வா, காட்டுறேன்" என்றாள் ஷாரோன்.