ராத்தாவின் பெயரில் என் நம்பர்

போன வருஷம் ஐப்பசி மழை தொடங்கிய நேரம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அம்பிட்டிய பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்க வாங்கிய வெள்ளைத் துணிப் பொதி. பஸ் வந்ததும் நனைந்த சனம் முழுவதும் ஒரே வாசலால் ஏறப் பார்த்தது. நானும்தான். உள்ளே போய் டிக்கெட்டுக்குக் கைப்பையைத் திறக்கப் போனால், பை ஏற்கெனவே திறந்திருந்தது. பக்கவாட்டில் பிளேடால் ஒரு கோடு. போனை மட்டும் உருவியிருந்தார்கள். தையற்காரி சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தியான வெட்டை நான் பார்த்ததில்லை.

போன் போனால் போகட்டும். திரையில் கீறல் விழுந்த பழைய போன். நான் பதறியது அதற்குள் இருந்த நம்பருக்காகத்தான்.

அந்த நம்பரைத் தவிர என் தம்பிக்கு வேறு எந்த நம்பரும் தெரியாது. அவன் அரபு நாட்டுக்குப் போய் ஆறு வருஷம். வேலைக்குப் போன இடத்தில் கொடுமை தாங்காமல் வெளியே வந்துவிட்டான். பாஸ்போர்ட் முதலாளியிடமே மாட்டிக்கொண்டது. சொந்தமாக போன் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, யாராவது ஒரு புண்ணியவானின் போனை வாங்கி, மனப்பாடம் செய்து வைத்திருக்கும் என் நம்பருக்கு எடுப்பான். அப்பா, அம்மா இல்லை. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. கடைசியாகப் பேசியபோது, தூதரகத்தில் பதிந்திருப்பதாகவும், ஊருக்கு அனுப்புவதற்கு அவனுடைய பிறப்புச் சான்றிதழ் பிரதியை நான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றும், எங்கே எப்படி அனுப்புவது என்பதைக் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னான். அந்த அழைப்புக்குத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். குளிக்கப் போனாலும் போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரின் போனில் இருந்து என் நம்பருக்கு எடுத்தேன். இரண்டு தரம் அடித்து வெட்டுப்பட்டது. மூன்றாம் தரம் ஓஃப்.

என் கணவர் மாநகரசபையில் வேலை செய்கிறவர். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பார். “கம்பனிக்குச் சொல்லி பிளொக் பண்ணு. அதே நம்பர்ல புது சிம் தருவாங்க. இதுக்கு ஏன் அழுவுற” என்றார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அந்த சிம் என் பெயரில் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பது வயதில் நான் தோட்டத்தில் இருந்து அக்குறணைக்கு ஒரு புடவைக் கடையில் தைக்க வந்தேன். அப்போது என்னிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பதிவில் பெயரைப் பிழையாக எழுதிவிட்டதால் அது இழுபட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதைதான். அட்டை இல்லாவிட்டால் சிம் எடுக்க முடியாது. கடை முதலாளியின் மனைவிதான் தன் அட்டையைக் கொடுத்து, தன் பெயரில் எனக்கு அந்த சிம்மை எடுத்துத் தந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்போம், அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு நோன்பு மாதம், பெருநாளுக்குப் பத்து நாள் இருக்க, தைக்க வேண்டிய துணி மலை மாதிரிக் குவிந்திருந்த நேரத்தில், அம்மாவுக்கு உடம்பு சுகமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். போனது புசல்லாவைக்கு இல்லை. அதே வீதியில் புதிதாகத் திறந்த ஏசி போட்ட கடைக்கு. அக்குறணை ஒரே தெரு நீண்டு கிடக்கிற ஊர். அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ராத்தா எடுத்து ஏசுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். எடுக்கவே இல்லை. அது ஏசியதைவிட மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம். எனக்கு அடையாள அட்டை வந்தது, கல்யாணம் நடந்தது, அம்பிட்டியவில் குடியேறினோம். சிம்மை என் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் ராத்தாவும் வர வேண்டும். அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்குறணை வழியாகப் போகிற மாத்தளை பஸ்ஸில் ஏறினால், அந்தக் கடை வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து உட்காருவேன். இதுதான் என் வீரம்.

போன் களவுபோன அன்று இரவு அதைவிடக் கேவலமான ஒரு வேலை பார்த்தேன். கணவர் கடைக்குப் போன நேரம் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்து, நானே ராத்தா என்று சொன்னேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். “அலுமாரியில இருக்கு” என்றேன். மறுமுனையில் இருந்த பிள்ளை, “பரவாயில்லை அம்மா, எடுத்து வாங்க, நான் காத்திருக்கிறேன்” என்றது. அவ்வளவு மரியாதையாகப் பேசிய பிள்ளையிடம் அடுத்த பொய் வாயில் வரவில்லை. வெட்டிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே பொலிசுக்குப் போனேன். போனை வாங்கிய பெட்டியில்தான் நான் ஊசியும் பொபினும் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. போனுக்குரிய பதினைந்து இலக்க எண் அதன் அடியில் ஒட்டியிருந்தது. முறைப்பாட்டை எழுதிய பெண் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்ட கடைசிக் கேள்வி, சிம் யார் பெயரில் என்பது. உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த சிம்மை வைத்து யாரையாவது மிரட்டினாலோ ஏமாற்றினாலோ நாங்கள் முதலில் தேடிப் போவது உன்னை இல்லை, பெயருக்கு உரிய அந்த நோனாவைத்தான் என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. என் தம்பி, என் நம்பர் என்று அழுதுகொண்டிருந்தேனே தவிர, திருடன் கையில் இருப்பது ராத்தாவின் பெயர் என்பது உறைக்கவில்லை.

கம்பனியின் கண்டிக் கிளையில் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் தங்கையாக இருக்கக்கூடிய வயது. சிங்களமும் உடைந்த தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். போனை எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கலாம், அதற்கு முறைப்பாட்டுப் பிரதியும் பெட்டியில் உள்ள எண்ணும் போதும். ஆனால் சிம்மை நிறுத்தி அதே நம்பரைத் திரும்பத் தர, பெயருக்கு உரியவர் அட்டையோடு நேரில் வந்தே ஆக வேண்டும். முதலாவது வேலையை அப்போதே செய்து தந்தார். இரண்டாவதற்கு நான் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

அக்குறணையில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். தெரு முழுக்க ஷட்டர் போட்டிருந்தது. கடைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து மெதுவாகப் பேச்சைத் தொடங்கலாம் என்று போட்ட கணக்கு பிழைத்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. திறந்தது மகள். நான் இருந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை, இப்போது இடுப்பில் ஒரு குழந்தை. என்னை அடையாளம் கண்டுவிட்டாள். “உம்மா உள்ளுக்கு. வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசம். உம்மா இத்தாவுல ஈக்கிறா” என்றாள்.

முதலாளி இறந்தது எனக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். இத்தா என்றால் என்னவென்று தெரியும், அந்த வீட்டிலேயே இருந்தவள் அல்லவா. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார். வெளியே போகமாட்டார், அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார். அப்படி இருப்பவரிடம் கண்டி டவுனுக்கு வாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ராத்தா உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து, கேள்விப்பட்டு வந்தேன் என்றேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தையே பொய். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல புள்ள. நீ வாசல்ல நிண்டு அழுதது எனக்குக் கேட்டிச்சு. மௌத்து ஒனக்கு இப்பதான் தெரியும். வேற எதுக்கோ வந்தீக்கிறாய். செல்லு.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன், தம்பி, பொலிசில் சொன்னது, அவர் பெயரில் நடித்தது வரை. நோன்பு மாதத்தில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் தம்பியைப் பற்றித்தான் கேட்டார். “அவன், நான் பெருநாளைக்கு நீலச் சட்ட ஒண்டு குடுத்தனே, அவனா?” அவனேதான். விடுமுறைக்கு என்னைப் பார்க்க வருகிறவன், கடையில் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பான். எனக்கே மறந்துபோன சட்டை அது.

மகளைக் கூப்பிட்டு, பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்திடம், இத்தாவில் வெளியே போகலாமா என்று போனில் கேட்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று தடுத்தேன், இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றேன். “அந்தப் புள்ளக்கி ரெண்டு மாசம் பொறுக்க ஏலுமா?” என்று மட்டும் கேட்டார். தேவையான காரியத்துக்குப் பகலில் போய் இருட்டும் முன் திரும்பலாம் என்று ஹஸ்ரத் சொன்னாராம். முழங்கால் வலிக்கு டொக்டரிடம் போகலாம் என்று மகள் கெஞ்சியும் அந்த இரண்டு மாதம் வாசல் தாண்டாதவர் அவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அன்று பின்னேரமே மருமகன் வேனை எடுத்தார். கிளைக்கு முன்னால் நிறுத்தியபோது உள்ளே ஆண்களும் பெண்களுமாக நெரிசல். நான் மட்டும் இறங்கிப் போய், அந்தக் கவுன்டர் பெண்ணிடம் நிலைமையைச் சொன்னேன். சிங்களப் பெண், இத்தா பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனால் கணவனை இழந்து வீட்டில் இருப்பவர் என்பது விளங்கியது. படிவங்களையும் சிறிய கருவியையும் எடுத்துக்கொண்டு, என் குடைக்குள் ஒண்டிக்கொண்டு, மழையில் வேன் வரை வந்தார். திரைச்சீலை போட்ட பின் சீட்டில் ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்.

கருவியில் எதையோ பார்த்தவர், சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார். இந்த நம்பர் உங்களிடம் இருப்பதே இந்த அம்மாவால்தான் என்றார். இடையில் ஒருமுறை, ஒருவர் பெயரில் இருக்கும் சிம்களையெல்லாம் சரிபார்த்து, வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லி கம்பனியில் எல்லோரிடமும் கேட்டிருந்தார்களாம். உரியவர் வந்து உறுதிப்படுத்தாதவை நின்றுபோயின. ராத்தா நேரில் வந்து, தன் பெயரில் இருந்த மற்ற இரண்டு சிம்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, இதை மட்டும் வைத்திருக்கச் சொல்லிப் போயிருக்கிறார்.

ஏன் ராத்தா என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

“நீ கோவத்துல போகல்ல, வெக்கத்துல ஒளிஞ்சிக்கிட்டிருக்கிறாய் எண்டு தெரியும். நம்பரையும் வெட்டிட்டா நீ எப்பிடி வாற?”

வேனுக்குள் நான் அழுத அழுகையைப் பார்த்து மருமகன், பாவம், கீழே இறங்கி மழைக்குள் போய் நின்றுவிட்டார்.

திருடனிடம் இருந்த சிம் செத்தது. அதே நம்பர் புதிய சிம்மில் என் கைக்கு வந்தது. ராத்தா பிடிவாதமாக அப்போதே அதை என் பெயருக்கு மாற்ற வைத்தார். மாலைத் தொழுகைக்கு முன் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.

பதினெட்டு நாள் கழித்து, நான் மிஷினில் இருந்தபோது வெளிநாட்டு நம்பர் ஒன்று அடித்தது. “அக்கா, எங்கக்கா போன? போன மாசம் ஒரு நாள் எடுத்தேன், ஓஃப்னு சொல்லிச்சு. பயந்துட்டேன்” என்றான். தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு விலாசம் எழுதினேன். பிறப்புச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. தை மாதம் அவனும் வந்து சேர்ந்தான். ராத்தாவின் இத்தா முடிந்திருந்தது. தம்பி ஊரில் முதலில் போன வீடு அதுதான்.

போனைத் திருடியவனை இன்றுவரை பிடிக்கவில்லை. எனக்கு அவன்மேல் பெரிய கோபமும் இல்லை. பஸ் அக்குறணையைத் தாண்டும்போது நான் இப்போது கடைப்பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறேன். முடிந்தபோதெல்லாம் இறங்கிவிடுகிறேன்.

போன மாதம், என்னிடம் தையல் வேலை பார்த்த ஒரு பெண், பள்ளிக்கூடம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஆத்திரத்தில் அவள் நம்பரை அழிக்க போனை எடுத்தேன். எடுத்த கையோடு கீழே வைத்துவிட்டேன். அவளுக்கும் ஒரு நாள் திரும்பி வரத் தோன்றலாம், அன்றைக்கு அவள் எடுக்கும்போது யாரென்று நான் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.