கணக்குப் பரீட்சைக்குப் பயந்த பெண்

மெல்பர்னில் நூலகம் பூட்டியிருந்தாலும் புத்தகத்தைத் திருப்பித் தரலாம். வெளிச்சுவரில் ஒரு துளை இருக்கும். உள்ளே போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். காலையில் அவற்றைப் பொறுக்கி அடுக்குவது என் வேலை. வந்து வருடங்கள் ஆகியும், ஆளில்லாத சுவரை நம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் விநோதமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அப்படி விழுந்துகிடந்தது பதின்வயதினருக்கான ஒரு நாவல். பின்னட்டையைப் படித்ததும் திகைத்து நின்றுவிட்டேன். கதாநாயகி என்னைப் போல ஒரு திருநங்கை, பள்ளி மாணவி. அவளுடைய பெரிய கவலையே கணக்குப் பரீட்சைதான். உடன் வேலை செய்யும் ஹெலனிடம், கடைசியில் இவளுக்கு என்ன ஆகிறது என்று கேட்டேன். செத்துப்போகிறாளா என்பதுதான் என் கேள்வி. அவளோ சிரித்துக்கொண்டே, முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன் என்றாள்.

ஒரத்தநாட்டில் அந்த வயதில் நான் படித்த எந்தக் கதையிலும் என்னைப் போல ஒருத்தி இல்லை. சினிமாவில் இருந்தார்கள், கொட்டகையே சிரிப்பதற்காக, இல்லையென்றால் கடைசியில் சாவதற்காக. பிளஸ் டூ முடித்த கோடையில், தங்கையின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்ற என்னை அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. இனி மாதா கோயிலுக்கு எங்களோடு வராதே என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே சென்னைக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்டதில்லை.

தங்கை ஸ்டெல்லா மட்டும் போனில் பேசுவாள். வேலை முடிந்து டிராமுக்குக் காத்திருக்கும்போது, அந்த நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் அவளுக்குச் சொல்லி வந்தேன். முடிவை நெருங்கிய அன்று, நடுவே ஓர் இருமல் கேட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"அந்தப் பொண்ணு கடைசில வீட்டுக்கு வந்துச்சா?"

பொண்ணு என்றார். ஸ்டெல்லா போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அது வீட்ட விட்டுப் போகவே இல்லப்பா" என்றேன்.

வயலில் ஓடிய மோட்டார் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பா இன்னொரு முறை இருமிவிட்டு, "மிச்சத்தையும் சொல்லு" என்றார்.

டிராம் வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநர் மணியடித்துப் பார்த்தார். ஒரு காதில் அந்த மணியும் மறு காதில் எங்கள் வயல் மோட்டாருமாக, ஏறவும் முடியாமல் விலகவும் தோன்றாமல் படியருகே நின்றேன்.